கோவக்காரர் வீட்டுக் கணையம்

கீழ் கோத்தகிரியில் வெள்ளியங்கிரியின் வீடு எதுவென்று பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. "கோவக்காரர் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். சிலருக்கு நிலத்தால் பெயர், சிலருக்குப் படிப்பால் பெயர். இந்தக் குடும்பத்துக்குக் கோபத்தால் பெயர். அன்னூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து எஸ்டேட் மேஸ்திரியாக இருந்த வெள்ளியங்கிரியின் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், காலையில் வாயைத் திறந்தால், வெள்ளைக்கார துரையே பங்களாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். துரை கதவைச் சாத்தியதை யார் பார்த்தார்கள் என்று கனகமணி ஒருமுறை கேட்டாள். கல்யாணமாகி வந்த புதிது என்பதால் மன்னித்து விட்டார்கள்.

வெள்ளியங்கிரியைக் கட்டிக்கொண்டு காரமடையிலிருந்து மலைக்கு வந்தவள் கனகமணி. வந்த மறுநாள் காலையிலேயே மாமியார் அவளுக்கு வீட்டின் சட்டதிட்டங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆண்கள் கண் விழித்ததும் நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீ படுக்கைக்கே போக வேண்டும். அது உள்ளே இறங்கும்வரை அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதைவிட முக்கியம், இந்த வீட்டில் யாரும் விரதம் இருக்கக் கூடாது. குலதெய்வம் கருப்பராயனே ஒரு காலத்தில் கனவில் வந்து, நீங்கள் மட்டும் சாப்பிட்டுவிட்டே கும்பிட வாருங்கள், உங்கள் கோபத்தை என்னால் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஊரே வெறும் வயிற்றோடு தீர்த்தக்குடம் எடுக்கும் நாளில் இந்த வீட்டு ஆண்கள் மட்டும் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வரிசையில் நிற்பார்கள். சாமிக்கே சலுகை கொடுக்க வேண்டிவந்த குடும்பம் என்று அதிலும் ஒரு பெருமை.

ஒருநாள் கனகமணி குரலை உயர்த்திப் பேசிவிட்டாள். மாமியார் பதறிப்போய், இந்த வீட்டில் கோபப்படுவதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது என்று அவளை அடக்கினார். கோபம் அங்கே பிறந்தவர்களின் சொத்து. வாக்கப்பட்டு வந்தவளுக்கு அதில் பங்கு கிடையாது.

உண்மையைச் சொன்னால், கல்யாணமான புதிதில் வெள்ளியங்கிரிக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. குடும்பப் பெயரைக் காப்பாற்றுவதற்காகத் தினமும் காலையில் ஒரு சுற்றுக் கத்துவான். கத்தும்போதே கனகமணியின் முகத்தைப் பார்த்து, சரியாக வருகிறதா என்று சோதித்துக்கொள்வான். போகப் போக அது தானாகவே வர ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் எங்கோ வெறிக்கும், வாயில் வருவதற்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது. டீ உள்ளே போனால் ஆள் பசு. என்ன பேசினோம் என்பதே அவனுக்கு நினைவிருக்காது. அதனால் மன்னிப்புக் கேட்கும் வேலையும் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

அவனுடைய அப்பா ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. பெரியப்பா முற்றிய தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்துக்குப் போன இடத்தில் செடிக்குள் விழுந்து கிடந்தார். கோபம் வெளியே வராமல் உள்ளேயே அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது, குடும்பமும் ஒப்புக்கொண்டது. இது போக, அந்தக் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சிறுநீரகத்தில் கல். தோட்டத்து வாழைகளெல்லாம் தண்டுக்காகவே வளர்ந்தன. கோபம் இருக்கும் இடத்தில் கல்லும் இருக்கத்தானே செய்யும் என்று அதையும் யாரும் யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்தது. இரண்டு கிளாஸ் டீயின் விலைக்கு ஒரு கிலோ இலை என்ற நிலைமை வந்தது. பறித்தால் கூலிக்குக் கட்டாது, பறிக்காமல் விட்டால் செடி மரமாகிவிடும். பாதி ஊர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனது. மீதிப் பாதி சங்கம் வைத்தது. சங்கத்தின் தலைவர் பரமசிவன். கோத்தகிரியில் உரக்கடை வைத்திருந்தவர், யாரும் உரம் வாங்காததால் பொதுச்சேவைக்கு வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பேசினால் மைக்கே கொட்டாவி விடும்.

விலை கேட்டுக் கோத்தகிரியில் ஒருநாள் உண்ணாவிரதம் என்று அவர் அறிவித்தார். வெள்ளியங்கிரி போகிறேன் என்றான். கருப்பராயன் சொல்லியிருக்கிறாரே என்று கனகமணி தடுத்துப் பார்த்தாள். கருப்பராயன் சொன்னது தேயிலை நல்ல விலைக்குப் போன காலத்தில் என்று அவன் பதில் சொன்னான். காலை டீயைக்கூடக் கொள்கைக்காக விட்டுவிட்டுப் பந்தலில் போய்த் தொப்பையோடு உட்கார்ந்தான். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டிருந்தால்தான் ஆள் நிதானமாக இருப்பான் என்பதால் வளர்ந்த தொப்பை அது.

மனு வாங்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கியபோது வெள்ளியங்கிரியின் கண் வெறித்திருந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கனகமணி அதைப் பார்த்ததும் எழப் போனாள். அவன் எழுந்து போய்ப் பரமசிவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

"எங்க எலைக்கு வெல வெக்கறதுக்கு நீ ஆருடா? உங்கொப்பன் நட்ட செடியாடா இது?"

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அந்த மலையில் அதுவரை எந்த அதிகாரியிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மைக்செட்காரனைச் செத்துப்போன பெரியப்பாவாக நினைத்துக்கொண்டு நலம் விசாரித்தான். பிறகு ஜீப்பைக் காட்டி, முற்றிப்போய்விட்டது, உடனே கவாத்து பண்ணுங்கடா என்று உத்தரவு போட்டான். முற்றிப்போன அதிகார வர்க்கத்தைக் கவாத்து செய்ய வேண்டும் என்று சிறு விவசாயி முழக்கம் என மறுநாள் பேப்பரில் வந்தது. சாயங்காலம் உண்ணாவிரதத்தை முடித்துவைக்க யாரோ ஒரு பிரமுகர் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். இரண்டு வாய் குடித்ததும் வெள்ளியங்கிரி தெளிந்து, கூட்டம் எப்போது ஆரம்பிக்கும் என்று பணிவாகக் கேட்டான். எத்தனை அடக்கம் பாருங்கள் என்று ஜனங்கள் உருகிப்போனார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஏறுமுகம்தான். குன்னூரில் கூப்பிட்டார்கள், கூடலூரில் கூப்பிட்டார்கள். வெலிங்டனிலிருந்து ரிட்டயரான ராணுவத்துக்காரர்கள்கூட வந்து கேட்டுவிட்டு, இப்படி ஒரு ஆவேசத்தைப் பார்த்ததில்லை என்றார்களாம். அவன் பேச்சுக்கும் பட்டினிக்கும் சம்பந்தம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது மருத்துவ உலகம் அல்ல, பரமசிவன். ஒரு கூட்டத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு பேசவிட்டதில் வெள்ளியங்கிரி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு, அவன் முறை வரும்வரை யாரும் அவனுக்கு ஒரு பன்கூடக் கொடுக்கக் கூடாது என்று பரமசிவன் ஏற்பாடு செய்துகொண்டார். கனகமணி சட்டைப் பையில் வெல்லத்தை வைத்து அனுப்புவாள். அது தொடப்படாமல் திரும்பி வரும். வெல்லத்தை ஏன் தின்னவில்லை என்று கேட்டால், வயிறு காய்ந்தால்தான் வார்த்தை வருகிறது என்பான். அந்த நேரத்தில் அவனை அறைந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் அந்த வீட்டில்தான் கோபப்பட ஏற்கனவே ஆள் இருக்கிறதே.

ஊட்டியில் நடந்த பெரிய உண்ணாவிரதத்தில் அவன் மைக்கைப் பிடித்தபடியே வெட்டு வந்து, கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு போன இடத்தில் இளம் டாக்டர் முதல் வேலையாக அவன் வாயை முகர்ந்து பார்த்தார். சாராய வாடை இல்லை என்றதும் அவருக்கே ஏமாற்றம். ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால், உயிரோடு இருப்பவனுக்கு இவ்வளவு குறைவாக இருக்கக் கூடாது. குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். அங்கிருந்து அவனைக் கீழே, சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்கள்.

அங்கே யூனிஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். உடம்புக்குள் நரம்பின் குணமும் சுரப்பியின் குணமும் சேர்ந்த ஒருவகைச் செல்கள் அங்கங்கே உண்டு. அவற்றில் வரும் கட்டிகளை, அதிலும் குடும்பம் குடும்பமாக இறங்கி வரும் கட்டிகளை ஆராய்ச்சி செய்பவர் அவர். பல வருடமாக ஆராய்ச்சி நடந்தும், முழுசாக ஒரு குடும்பம் அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரியின் அப்பாவும் பெரியப்பாவும் செத்த விதத்தைக் கனகமணி சொல்லச் சொல்ல அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. கல் உண்டா என்று கேட்டார். முக்கால்வாசிப் பேருக்கு உண்டு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். இரண்டு சாவையும் ஒரு கூடை கல்லையும் கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று கனகமணிக்கு உள்ளே கசந்தது.

பரிசோதனை என்னவென்றால், பட்டினி. மூன்று நாள் வரைக்கும் சாப்பாடு கிடையாது, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தொழில்முறை உண்ணாவிரதக்காரனான வெள்ளியங்கிரி மூன்று நாளென்ன, முப்பது நாள் இருப்பேன் என்று சவால் விட்டுப் படுத்தான். மறுநாள் காலை டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தபோது கட்டில் மேல் ஏறி நின்று, மருத்துவ மாணவர்களைப் பார்த்துப் பச்சை இலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தான். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். அதுவரை அவன் பேச்சை ஒரு வரி விடாமல் எழுதிய சபை வேறு கிடையாது. ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றி, இறக்கிப் படுக்கவைத்தார்கள்.

ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் ஒரு பட்டாணி அளவுக்குக் கட்டி தெரிந்தது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, சர்க்கரை இறங்கினால் மூளை பட்டினி கிடக்கிறது, அந்த மூளைதான் காலையிலும் மேடையிலும் கத்துகிறது என்று யூனிஸ் டாக்டர் விளக்கினார். கழுத்திலும் சில சுரப்பிகள் கெட்டிருக்கின்றன, கல் வருவது அவற்றால். எல்லாவற்றுக்கும் மூலம் பிறப்பிலேயே வந்த ஒரு கோளாறு. கட்டியை எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் அப்பா போன வழிதான். எடுத்தாலும் ஆயுள் முழுக்க வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்ற பிள்ளைக்கு இது வருவதும் வராததும் பூவா தலையா போடுகிற மாதிரி.

டாக்டர் ஒரு பெரிய தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. அப்பாரு கறுப்பு, அப்பா கறுப்பு, பெரியப்பா கறுப்பு, வெள்ளியங்கிரி கறுப்பு. பக்கத்தில் கனகமணிக்கு ஒரு வெறும் வட்டம். அவர்களுக்குக் கீழே இன்னொரு வட்டத்துக்குள் கேள்விக்குறி. ஊட்டியில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் ஒரே மகள் தாரிணி அது.

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த நிமிடத்திலிருந்து கனகமணிக்கு உயிரே இல்லை. இத்தனை வருடம் அவள் சுமந்துபோன டீதான் புருஷனைச் சாகாமல் காப்பாற்றியது. அதே டீதான் நோயை யார் கண்ணிலும் படாமல் மூடியும் வைத்தது. இதில் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாரிணியோ சமீப காலமாகக் காலையில் தட்டைத் தள்ளிவிட்டு அப்பாவை எதிர்த்துக் கேள்வி கேட்கிறவள். ரத்தம் பேசுகிறது என்று சொந்தக்காரர்கள் பூரித்துப்போவார்கள். அந்த வார்த்தையைக் கனகமணியால் இப்போது காதால் கேட்க முடியவில்லை. தினமும் காலையில் மகளின் நெற்றியைத் தொட்டு, வியர்க்கிறதா என்று பார்த்தாள்.

மகளுக்கு ரத்தப் பரிசோதனை, தனக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன இரண்டுக்கும் வெள்ளியங்கிரி மறுத்தான். தாரிணியின் ரத்தத்தை எடுத்து அந்தத் தாளில் ஏற்றினால் எவன் வந்து பெண் கேட்பான் என்றான். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்ததையும் தள்ளிப்போட்டான். மூன்று தலைமுறைக் கோபத்தை ஒரு பட்டாணி என்று சொல்லிவிட்டார்களே என்ற அவமானம் அவனுக்கு. அதற்குத் தூபம் போடப் பரமசிவன் ஒருநாள் காலையில் பழப்பையோடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னொரு மாசம் பொறுங்க. பேச்சுவார்த்தை நடக்கற நேரமுங்க. நீங்க இல்லாம மேடை வெறிச்சுனு கெடக்குது. வெல ஏறுன பொறவு அறுத்துக்கலாமுங்க."

வெள்ளியங்கிரி மீசையைத் தடவிக்கொண்டு, பொதுக்காரியம் என்று வந்துவிட்டால் உடம்பைப் பார்க்க முடியுமா என்றான். கல்லூரிக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தாரிணி, மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அவள் கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. உங்கள் அப்பா செத்தபோது உங்களுக்கு என்ன வயது என்று தகப்பனைக் கேட்டாள். பரமசிவனைப் பார்த்து, பட்டினி போட்டு ஆட்டம் காட்ட இவர் என்ன குரங்கா என்று கேட்டாள். விலை கிடைக்காதது கோபத்துக்குப் பஞ்சம் வந்ததாலா, இல்லை, நியாயத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் துப்பில்லாததாலா என்று கேட்டாள். கடைசியாக, தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கா, எங்கோ இருக்கும் மாப்பிள்ளைக்கா என்றாள்.

வெள்ளியங்கிரியின் முகத்தில் பெருமை பொங்கியது. வம்சம் வீண்போகவில்லை.

"பாப்பா காலையில ஒண்ணும் திங்கலையாட்ட இருக்குது. அம்முணி, சக்கரை தூக்கலாப் போட்டு ஒரு டீ கொண்டா."

கனகமணியும் யோசிக்காமல் ஓடினாள். அத்தனை வருடப் பழக்கம், கால் தானாகப் போனது. நாலு கரண்டி போட்டு ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். தாரிணி டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"டீ குடிச்சாச்சுங்கப்பா. நாலு இட்லியும் தின்னாச்சு. இது பசி இல்லீங்க."

அந்த வீட்டில் வயிறு நிறைந்த ஒருவர் காரணத்தோடு கோபப்பட்டது அதுவே முதல் தடவை. அதை எப்படிச் சமாளிப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பரமசிவன் பழப்பையை வைத்துவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வெள்ளியங்கிரி மகளை நிமிர்ந்து பார்க்க முயன்றான், முடியவில்லை. இந்தக் கோபத்துக்கு ஒரு டம்ளர் டீயில் முடிவில்லை, தான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அவனுக்கு மெதுவாக உறைத்தது. அடுத்த வாரமே மூவரும் கீழே போனார்கள். தாரிணி ரத்தம் கொடுத்தாள், வெள்ளியங்கிரி வயிற்றைக் கொடுத்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தவன் காலையில் எழுந்து எல்லோரிடமும் நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரித்தான். கனகமணி இரண்டு நாள் பயந்தே போனாள். சங்கம் அவனை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டது. பட்டினியோடு ஏற்றிவிட்டும் அவன் வணக்கம் சொல்லி, விலை உயர்ந்தால் நன்றாக இருக்கும் என்று கருத்துத் தெரிவித்துவிட்டு இறங்கினான். அதன்பிறகு கூப்பிடவில்லை. விலை ஏறவில்லை, அவன் கத்தியபோதும் ஏறவில்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு வருத்தம்தான். யூனிஸ் டாக்டர் அந்தத் தாளை ஏதோ வெளிநாட்டு மாநாட்டில் காட்டினார் என்று கேள்விப்பட்ட பிறகு கொஞ்சம் தேறினான். பெயர்களை எடுத்துவிட்டுத்தான் காட்டினார்கள் என்று தெரிந்ததும் மறுபடி வாடினான்.

சொந்தக்காரர்களின் ரத்தத்தையும் டாக்டர் சேகரித்தார். ஊட்டி காந்தலில் இருக்கும் சித்தப்பா மகன் செல்லதுரை, குடும்பத்திலேயே வெள்ளியங்கிரிக்கு அடுத்த கோவக்காரர், பெருமையோடு கையை நீட்டினார். அவருக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு வந்தது. தனக்கு இல்லை என்று சொல்ல அந்தம்மா யார் என்று குதித்தார். இருபது வருடமாக அவர் கத்தியதெல்லாம் வெறும் திமிர் என்று அவர் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் முதல் அவருக்குக் காலை டீ வரவில்லை என்று பேச்சு.

தாரிணியின் முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. கூப்பிட்டபோது மூவரும் போனார்கள். டாக்டர் தாளை விரித்து, ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். அழித்த இடத்தில் ஒன்றும் போடவில்லை. வட்டம் வெள்ளையாகவே இருந்தது.

கனகமணி அழுதுவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கருப்பராயனையும் மாரியம்மனையும் டாக்டரையும் வரிசை இல்லாமல் கும்பிட்டாள். மகள் பிழைத்தாள் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் அப்போது இல்லை.

வெள்ளியங்கிரிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அவன் மனதில் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டான்.

"அப்பிடின்னா, அன்னிக்கு எம்பட புள்ள பேசுச்சுங்களே, அந்தக் கோவம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

யூனிஸ் டாக்டர் கட்டங்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். கனகமணி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். மேஜைக்குக் குனிந்து, கறுப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் இத்தனை நாளாகச் சும்மா கிடந்த தன் வெறும் வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அது எம்பட பக்கத்துதுங்க. இத்தனை வருசம் வெளிய எடுக்க எடமில்லாம வெச்சிருந்தனுங்க."